கேட்டால் திரும்பி வரும்

தள்ளுபடி என்ற பெயரை அவருக்குக் கடைத்தெரு வைத்தது. திரைச்சீலைத் துணிக்கடை வைத்திருக்கிறார். தன் கடையில் விலையை இறக்கமாட்டார். அடுத்தவர் கடையில் இறக்காமல் படி இறங்கமாட்டார். ஒரு பல்லைப் பிடுங்கப் போய், பேசின பேச்சில் பக்கத்துப் பல்லையும் இலவசமாகச் சுத்தம் செய்துகொண்டு வந்தவர் என்று சொல்வார்கள். அவர் அதை மறுத்ததில்லை. "ரெண்டு பல்லு" என்று திருத்தியதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் துணிக்கடைக்கு விடுமுறை, வாய்க்கு விடுமுறை கிடையாது. அன்று அவர் பேரம் பேசுவது மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். கண் பரிசோதிக்கும் அறையில் மேஜையை நடுவில் இழுத்துப் போட்டு நால்வர் உட்கார்ந்து ஆடுவார்கள். சுவரில் மேலிருந்து கீழே எழுத்துகள் சிறுத்துக்கொண்டே போகும் பலகை. அலமாரியில் ஆளில்லாத மூக்குக்கண்ணாடிகள் வரிசையாக உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆட்டம் இதுதான். கடைக்காரர் ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு போவார். மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். எந்தக் கதவைத் திறப்பது, யாரோடு மோதுவது என்பதை அவர்கள் சொல்வார்கள்; நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். கதையை நடத்துகிறவருக்கு நடத்துநர் என்று பெயர். நடத்துநர் என்றால் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர்தானே என்று தள்ளுபடி முதல் நாளே கேட்டதில், கண்ணாடிக் கடைக்காரர் அன்றிலிருந்து கண்டக்டர் ஆகிவிட்டார்.

பாத்திரங்களுக்குச் சில ஆற்றல்கள் உண்டு. கண்டக்டர் அவற்றைத் தானே எழுதி, கண் பரிசோதனையில் கிட்டத்தில் வைத்துப் படிக்கச் சொல்லும் அட்டை மாதிரி கெட்டி அட்டையில் பொடியெழுத்தில் அச்சடித்து வைத்திருந்தார். பொடியெழுத்தைக் கண்டால் தள்ளுபடிக்குக் கை துறுதுறுக்கும். பகடையில் தோற்ற ஆட்டத்தை அவர் அட்டையில் ஜெயித்துவிடுவார்.

மழைக்காலத்தில் ஒரு தடவை ஈயப்பூதத்திடம் மூவரும் மாட்டிக்கொண்டார்கள். பூதத்தின் அட்டையில், "பூதம் கேட்டால் உண்மைப் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும்" என்று இருந்தது. சொன்னால் சாவு.

"சொல்லு. பூதம் கேக்குது" என்றார் கண்டக்டர்.

"எப்படிக் கேக்கும்? அதோட ரெண்டு காதையும் ஈயம் ஊத்தி அடைச்சிருக்குன்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க."

"யோவ், கேட்டால்னா கேள்வி கேட்டால்."

"கேள்விங்கிற வார்த்தை எங்க இருக்கு, காட்டுங்க. லென்ஸ் வேணும்னா உங்க கடையிலயே இருக்கு."

கண்டக்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுதினவரே தன் எழுத்தில் வழுக்கி விழுவதைப் பார்ப்பதில் தள்ளுபடிக்கு ஒரு தனிச் சுகம்.

"சரிய்யா. இந்த மேஜைல கேட்டால்னா காதால கேட்டால். விடு."

"இந்த அட்டைக்கு மட்டுமா, எல்லா அட்டைக்குமா? நாளைக்கு மாத்திப் பேசக்கூடாது."

"எல்லா அட்டைக்கும். போதுமா?"

"கோர்ட் அக்கா, பதிவு பண்ணிக்கங்க."

கோர்ட் அக்கா நீதிமன்றத்தில் சுருக்கெழுத்துக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கதையில் அவர் குதிரைக்காரி. காதில் விழுந்ததை எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்லும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. நெற்றிப்பொட்டில் விரலால் தட்டி, "ஏறிடுச்சு தம்பி" என்றார். ஒரு முறை கொடுத்த தீர்ப்பைக் கண்டக்டரே நினைத்தாலும் மாற்றமுடியாது என்பது அந்த மேஜையின் சட்டம். அதையும் பேசி வாங்கினவர் தள்ளுபடிதான்.

நான்காவது ஆள் தள்ளுபடியின் தங்கை கணவர். எல்லாருக்கும் மாப்பிள்ளை. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். ஆள் ஒடிசல், குரல் மட்டும் இரண்டு ஆள் கனம். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும் என்று அவர் சொன்னால், நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் கண்ணாடிக் கடை வரைக்கும் கேட்கும். கதையில் அவர் முரசுக்காரன். கோட்டை வாசல்களில் முரசறைந்து அறிவிக்கிறவன். "வீட்டுக்கு வெளியே எங்க போனாலும் அதே வேலைதான். வீட்டுக்குள்ளதான் வாயைத் திறக்க வழியில்ல" என்பார். தங்கை எதிரில் இருந்தால் சொல்லமாட்டார்.

வெயில் ஏறத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதை ஒரு பாலத்துக்கு வந்து சேர்ந்தது. கீழே ஆறு இல்லை. என்ன இருக்கிறது என்று கண்டக்டர் சொல்லவில்லை. பாலத்தின் நடுவில் பாலத்துக்காரன் நின்றான். அவனுக்காகப் பேசும்போது கண்டக்டர் குரலை மாற்றவில்லை, தமிழை மாற்றினார். அச்சில் வரும் தமிழ்.

"கடப்பவர்களில் ஒருவர் இங்கே தங்க வேண்டும்."

தள்ளுபடியின் பாத்திரம் வணிகன். வேறென்ன இருக்கும்? வணிகன் பாலத்துக்காரனின் கைக்கு அடியில் புகுந்து ஓடப் பார்த்தான். பகடையில் ஒன்று விழுந்தது. பலகை முறிந்து, வணிகன் விளிம்பை ஒற்றைக் கையால் பிடித்துத் தொங்கினான்.

"முடிஞ்சுதுய்யா உன் கதை. கட்டுல இருந்து ஒரு அட்டை எடு. வர்ற ஆற்றல் உன் அதிர்ஷ்டம்."

தள்ளுபடி எடுத்தார். கண்டக்டர் அதை வாங்கிப் படித்தார். புருவம் சுருங்கியது. வாய்விட்டு ஒரு முறை படித்தார்:

"அடகு. சாவு நெருங்கும்போது, தன்னோடு இருப்பவர் ஒருவரை அடகு வைத்து உயிர் தப்பலாம். அடகு வைத்தவர் கேட்டால் அது திரும்பி வரும். அடுத்த அமர்வு முடிந்தால் முழுகிப்போகும்." அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்தார். "இப்படி ஒண்ணு எழுதினதா எனக்கு ஞாபகமே இல்லையே."

"அச்சுக்காரர் கொசுறு போட்டிருப்பார். கொசுறை யாராவது திருப்பிக் கொடுப்பாங்களா? கொடுங்க இப்படி. அக்கா, உங்க குதிரைக்காரியை வச்சிடட்டுமா?"

"வச்சுப் பாரேன். குதிரையை விட்டு உதைக்கச் சொல்றேன்."

"முரசுக்காரனை?"

"அவன் இல்லாம அடுத்த கோட்டைல கதவு திறக்காது மச்சான்" என்றார் மாப்பிள்ளை, பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டே.

"ஏதாவது ஒரு பாத்திரத்தை வச்சுத்தான் ஆகணும்" என்றார் கண்டக்டர்.

"பாத்திரத்தை அடகு வைக்கிறதெல்லாம் எங்க தாத்தாவோட போச்சு. இருங்க, ஒரு சந்தேகம்."

ஒரு சந்தேகம் என்று அவர் சொன்னால் மேஜையில் எல்லாரும் நாற்காலியில் சாய்ந்து வசதியாக உட்கார்ந்துகொள்வார்கள். 

"உங்க அட்டை எல்லாத்துலயும் பாத்திரத்துக்கு என்ன போட்டிருக்கீங்க? அவன், அவள். வணிகன் ஓடுவான், குதிரைக்காரி தாண்டுவாள். எங்கயாவது மரியாதை கொடுத்திருக்கீங்களா? இல்ல. 'அட்டை வைத்திருப்பவர் பகடை உருட்டுவார்'னு வருதே, அந்த அவர் யாரு? நாம. இந்த மேஜைல உக்காந்திருக்கிற ஆளுங்க. இப்ப இதைப் பாருங்க. 'தன்னோடு இருப்பவர்.' இருப்பவன் இல்ல, இருப்பவள் இல்ல. அப்ப அடகு வைக்க வேண்டியது பாத்திரத்தை இல்ல, ஆளை."

கோர்ட் அக்கா சிரித்துவிட்டார். "இவன் வக்கீலா வந்திருந்தா நான் சீக்கிரமே ரிட்டயர் ஆகியிருப்பேன்."

"அதனால, கதைல யாருக்கும் நஷ்டமில்லாம, என் பக்கத்துல பிஸ்கட் தின்னுக்கிட்டிருக்கிற எங்க மாப்பிள்ளையை வைக்கிறேன். எழுதிக்கங்க."

"மாப்பிள்ளைக்குச் சம்மதமா?" என்றார் கண்டக்டர்.

"உங்க வீட்டுல யாரு என் சம்மதத்தைக் கேட்டிருக்காங்க?" என்று மாப்பிள்ளை தள்ளுபடியைப் பார்த்தார். "வச்சுக்கங்க மச்சான். முழுகவிடாம மீட்டா சரி."

"ஏற்றுக்கொண்டேன்."

பாலத்துக்காரனின் தமிழ். எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். வாய் விரிந்திருந்தது, தோள் குலுங்கியது, கண்ணில் நீர்கூட முட்டியது. சத்தம் மட்டும் வரவில்லை.

"போதும் மாப்பிள்ளை. நல்லா நடிக்கிறீங்க" என்றார் தள்ளுபடி.

மாப்பிள்ளை ஏதோ சொன்னார். உதடு அசைந்தது. மறுபடி சொன்னார். கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு தொண்டையில் கையை வைத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

கண்டக்டர் மேஜைக்கு அடியிலிருந்து நிமிர்ந்தார். கையில் பகடை இருந்தது. "கீழ விழுந்துடுச்சு" என்றார். "ஆமா, இப்ப ஏற்றுக்கொண்டேன்னு சொன்னது யாரு?"

மருத்துவர் மாப்பிள்ளையின் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். குரல் நாண்கள் நன்றாக அசைகின்றன, காற்று நன்றாக வருகிறது, பேசுங்கள் என்றார். மாப்பிள்ளை பேசினார். மருத்துவர் தன் காதைக் குடைந்துகொண்டார்.

நிலையத்தில் நடந்ததை உடன் வேலை பார்ப்பவர் வந்து சொன்னார். மாப்பிள்ளை ஒலிபெருக்கிக்கு முன்னால் உட்கார்ந்து வழக்கம்போல் அறிவிப்பைப் படித்திருக்கிறார். குரலின் அளவைக் காட்டும் முள் எப்போதும் போல் துள்ளியிருக்கிறது. நடைமேடையில் ஒரு சத்தமும் இல்லை. வண்டி வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் மூட்டை முடிச்சோடு ஒரு கூட்டமே நின்றிருக்கிறது. "முள்ளு துள்ளுதுங்க. அதைப் பார்க்கத்தான் என்னமோ மாதிரி இருக்கு. யாருக்கு முன்னாடி பேசறார்னு தெரியல" என்றார் அவர். மேலதிகாரி மாப்பிள்ளைக்கு விடுப்புக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

தள்ளுபடி அப்போதும் அடகு அட்டையை நினைக்கவில்லை என்று சொல்லமுடியாது. நினைத்தார், நினைத்ததை ஒத்துக்கொள்ளவில்லை. சரக்கில் கிழிசலைப் பார்த்த பிறகும் மடிப்பை அப்படியே வைத்திருக்கிறவரின் முகம் அவருக்கு வந்துவிட்டது.

மாப்பிள்ளையைத் தேநீர்க் கடைக்குக் கூட்டிப் போனார். இரண்டு என்று விரலைக் காட்டினார். ஒன்று வந்தது. "ரெண்டு சொன்னேனே" என்றதற்குக் கடைக்காரர், "இன்னொருத்தர் வரட்டும், சூடா போட்டுத் தரேன்" என்றார். மாப்பிள்ளை அவர் முழங்கைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். திரும்பும்போது எதிரில் வந்த இருவர் மாப்பிள்ளைமேல் மோதினார்கள். மோதினவர்கள் தூணில் இடித்துக்கொண்டவர்களைப் போலத் தோளைத் தேய்த்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்கள்.

வெள்ளிக்கிழமை தங்கை துணிக்கடைக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"அண்ணா, வச்சது நீ."

"என்னம்மா நீயும் அந்த ஆட்டத்தை..."

"கோர்ட் அக்கா எல்லாத்தையும் ஒப்பிச்சாங்க. ஒரு வார்த்தை விடாம." தங்கை துணிச் சுருள் ஒன்றின்மேல் உட்கார்ந்தது. "முதல்ல அவர் பேச்சு கேக்கல. சரி, உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கிட்டேன். நேத்து சாப்பிட உக்காந்தோம். நான் சாப்பிட்டு முடிச்சு, கை கழுவி, பாத்திரம் தேய்ச்சு வச்சேன். அப்புறம்தான் பார்க்கிறேன், அவர் தட்டு இல்லாம உக்காந்திருக்கார். எனக்கு எதிர்லயே. நான் வைக்க மறந்துட்டேன் அண்ணா. அவர் என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கார்."

தள்ளுபடி முழக்கோலை எடுத்து, கீழே வைத்து, மறுபடி எடுத்தார்.

"அவரை நான் மறக்கிறதுக்குள்ள மீட்டுக் கொண்டு வா. எப்படிப் பேசுவியோ பேசு. உனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானே."

அன்று மாலையே அவர் கண்ணாடிக் கடைக்குப் போனார். கண்டக்டர் யாருக்கோ கண்ணாடிச் சட்டத்தில் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார். திருகாணி பள்ளத்தில் உட்காரவில்லை.

"அச்சுக்காரரைப் போய்ப் பார்த்தேன். அப்படி ஒரு அட்டை தான் அடிக்கவே இல்லைன்னு சத்தியம் பண்றார்" என்றார் தலையைத் தூக்காமல். "அதைக் கட்டுல இருந்து எடுத்து குப்பைல போட்டேன். ராத்திரி கட்டை எண்ணினா உள்ள இருக்கு."

"அப்ப ஆட்டத்தையே நிறுத்திடுவோம்."

"நிறுத்தினா அதுக்குப் பேர் என்ன? முடிஞ்சதுன்னுதானே அர்த்தம். முடிஞ்சா முழுகிடும். ஞாயித்துக்கிழமை வா. அட்டைல வழி இருக்கே, 'அடகு வைத்தவர் கேட்டால்'னு. வந்து கேளு, வாங்கிக்கிட்டுப் போ."

தள்ளுபடிக்கு உயிர் வந்தது. கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்றால், கேட்பது அவருக்கு ஒரு வேலையா? பிறந்ததிலிருந்து கேட்டுத்தானே வாங்கிக்கொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மேஜை நடுவில் இருந்தது. மாப்பிள்ளை தள்ளுபடிக்கு எதிரில் உட்கார்ந்தார். உட்காருவதற்கு முன் கோர்ட் அக்கா அந்த நாற்காலியில் தன் பையை வைத்துவிட்டு, பிறகு திடுக்கிட்டு எடுத்துக்கொண்டார். தங்கை கதவோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்தது.

கண்டக்டர் கதையை விட்ட இடத்தில் எடுத்தார். பாலம். உடைந்த பலகை. மேலே ஏறிவிட்ட வணிகன். எதிரில் பாலத்துக்காரன்.

"என் அடகைத் திருப்பிக் கேக்கிறேன்" என்றார் தள்ளுபடி.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். எதுவும் வரவில்லை.

"என்ன கேட்டது?"

கண்டக்டரின் உதடுதான் அசைந்தது. ஆனால் அவர் கண்கள் தன் உதட்டைப் பார்க்க முயல்வதுபோல் கீழே போயின.

"அடகு. எங்க மாப்பிள்ளையை."

"அது நீ கேட்டுக்கொண்டது. உன் காதில் என்ன கேட்டது?"

கோர்ட் அக்கா நெற்றிப்பொட்டில் விரலை வைத்தார். யாரும் கேட்காமலே, நீதிமன்றத்தில் பதிவை வாசிக்கும் குரலில் சொன்னார்: "'சரிய்யா. இந்த மேஜைல கேட்டால்னா காதால கேட்டால். விடு.' 'இந்த அட்டைக்கு மட்டுமா, எல்லா அட்டைக்குமா? நாளைக்கு மாத்திப் பேசக்கூடாது.' 'எல்லா அட்டைக்கும். போதுமா?'" தள்ளுபடி பக்கம் திரும்பினார். "தம்பி, நீயே வாங்கின தீர்ப்பு."

அடகு வைத்தவர் கேட்டால். அடகு வைத்தவருடைய காதுக்கு, அடகாகப் போனவரின் குரல் கேட்டால். இந்த வாரம் முழுக்க இந்த ஊரில் யாருக்கும் கேட்காத குரல்.

தள்ளுபடி சட்டைக் கையை மடித்துக்கொண்டார். பெரிய கொள்முதலுக்கு முன் அவர் அப்படிச் செய்வார்.

"அந்தத் தீர்ப்பு பூதத்துக்குக் கொடுத்தது. பூதம் செத்தாச்சு."

"தள்ளுபடி."

"சரி, ஆளை மாத்திக்கறேன். மாப்பிள்ளையை விட்டுட்டு என்னையே அடகா எடுத்துக்கட்டும்."

"தன்னோடு இருப்பவர் என்பது விதி. நீ உன்னோடு இருப்பவன் அல்ல. தள்ளுபடி."

"மாப்பிள்ளை சும்மா விளையாட்டுக்குச் சம்மதிச்சார்."

"விளையாட்டில்தான் ஏற்றுக்கொண்டேன். தள்ளுபடி."

அந்தக் குரல் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறதா, மனுவைத் தூக்கி எறிகிறதா என்று தெரியாமல் அவர் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்தார். கண்டக்டரின் நெற்றியிலிருந்து வியர்வை அட்டைமேல் சொட்டியது. அதைத் துடைக்க அவர் கையைத் தூக்கவில்லை. தூக்க முடிந்ததா என்பதும் தெரியவில்லை.

தள்ளுபடி எழுந்து மேஜைக்கு மேல் சாய்ந்து மாப்பிள்ளையின் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்தார். "பேசுங்க மாப்பிள்ளை. கத்துங்க." மாப்பிள்ளை நெஞ்சு நிறைய இழுத்துக் கத்தினார். காது மடலில் சூடான காற்று அடித்தது. பிஸ்கட் வாசனைகூட வந்தது. காற்று மட்டும்தான்.

"அமர்வு முடிகிறது" என்றது அச்சுத் தமிழ்.

"எப்ப முடியும்? எல்லாரும் எழுந்து போனாத்தானே அமர்வு முடியும்?" தள்ளுபடி தொப்பென்று உட்கார்ந்தார். "யாரும் எழுந்திரிக்காதீங்க. அக்கா, உக்காருங்க. அமர்வுன்னாலே உக்கார்றதுதான். உக்காந்திருக்கிற வரைக்கும் முடியல."

இந்தத் தடவை 'தள்ளுபடி' என்று வரவில்லை. அந்த ஒரு பேரம் படிந்தது.

அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஷட்டருக்குக் கீழே வந்துகொண்டிருந்த வெயில் தரையில் நீண்டு, மெலிந்து, மேஜைக் காலை விட்டு விலகியது. சுவர்ப் பலகையின் கடைசி வரி தெரியாமல் போயிற்று, பிறகு அதற்கு மேல் வரி. தங்கை ஒரு முறை மாப்பிள்ளையின் நாற்காலியைப் பார்த்து, "அங்க யாரு..." என்று தொடங்கி, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது. கோர்ட் அக்காவின் முழங்கால் வலித்தது. அவர் சொல்லவில்லை, ஆனால் இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஐந்து பேரில் ஒருவர் எழுந்துதான் ஆகவேண்டும்.

அப்போது அது வந்தது. நிலையத்துப் பக்கமிருந்து, இரண்டு தெரு தாண்டி, ஷட்டருக்கு அடியில் புகுந்து.

"பயணிகளின் கவனத்திற்கு."

மாப்பிள்ளையின் குரல். அதே கனம். அதே இடத்தில் அதே மூச்சு. தங்கை முக்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டது.

"பாலம் வழியாகச் செல்ல இருப்பவர்கள்..." என்றது குரல். அதற்குப் பின்னால் தட்டுவது போல் ஒரு சத்தம், சீராக, தோலில் குச்சி விழுவது போல. நிலையத்தில் அப்படி ஒரு சத்தம் எப்போதும் இருந்ததில்லை.

எதிரில் மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று ஆட்டினார். இரண்டு கையையும் தூக்கி மேஜைக்கு மேல் ஆட்டினார்.

தள்ளுபடி அதைப் பார்த்தார். ஆனால் பேரம் படியப்போகிற நேரத்தில் ஒரு வியாபாரியின் கண் சரக்கின்மேல் மட்டும்தான் இருக்கும்.

"கேட்டேன்" என்றார்.

"எங்கிருந்து?"

"எங்கிருந்துன்னு அட்டைல இல்ல. யார் வாயிலிருந்துன்னும் இல்ல. கேட்டால்னுதான் இருக்கு. குரல் எங்க மாப்பிள்ளையோடது, காது என்னோடது. கேட்டுட்டேன். கொடு."

"தம்பி" என்று கோர்ட் அக்கா மெல்லச் சொன்னார். "'அது திரும்பி வரும்'னு போட்டிருக்கு. அவர்னு போடல."

"அக்கா, இப்ப இலக்கணம் வேண்டாம்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் பாலத்துக்காரன். அதைச் சொன்ன விதத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. தள்ளுபடிக்கு அந்தச் சிரிப்புத் தெரியும். கேட்ட விலைக்கு மேலேயே கிடைத்துவிட்டால், வாடிக்கையாளர் படி இறங்கும் வரைக்கும் அவர் அடக்கி வைத்துக்கொள்கிற சிரிப்பு.

மாப்பிள்ளையின் கைகள் மேஜைமேல் இறங்கின. நாற்காலி நகர்ந்தது. எழுந்து நின்று, தொண்டையைச் செருமாமல், தங்கையைப் பார்த்து, "வாருங்கள், நேரமாகிவிட்டது" என்று குரல் சொன்னது.

தங்கை அழுதுகொண்டே சிரித்தது. கோர்ட் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வீட்டுக்குக் கூப்பிடறதுக்கும் ஸ்டேஷன் தமிழா மாப்பிள்ளை?" என்று தள்ளுபடி உரக்கச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. வெளியே போகும்போது விரல்கள் ஷட்டரில் லேசாகத் தட்டிக்கொண்டே போயின.

மறுநாளிலிருந்து நிலையத்தில் அறிவிப்பு ஒழுங்காக வந்தது. தேநீர்க் கடைக்காரர், கேட்காமலே அவருக்கு முதலில் கொடுத்தார். தெருவில் எதிரில் வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அந்த வாரக் கடைசியில் தங்கை துணிக்கடைக்கு வந்தது. கறுப்பில் கெட்டியாக ஒரு துணி வேண்டும் என்றது.

"எந்த ரூமுக்கு?"

"நான் படுக்கிற ரூமுக்கு. கதவுக்கு."

தள்ளுபடி சுருளை விரித்தார். அளந்தார். விலை சொல்லவில்லை.

"வீட்டுலயும் அப்படியேதான் பேசறான் அண்ணா. 'உணவு தயாராகிவிட்டதா'ன்னு கேக்கிறான். என் பேரைச் சொல்றதில்ல. ஜன்னல் சட்டத்துல, மேஜைல, எங்க கை வச்சாலும் தட்டிக்கிட்டே இருக்கான். தூங்கறதே இல்ல."

"யாரும்மா?"

"வந்தவன்தான்" என்றது தங்கை.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வாயில் ஒரு தடவைகூட அவன் என்று வந்ததில்லை. கோபத்தில்கூட அவர்தான். சொன்னதைத் தங்கை கவனிக்கவில்லை. துணியை வாங்கிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போயிற்று.

தள்ளுபடி கடையை அப்படியே விட்டுவிட்டு நடந்தார். கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளர் யாருமில்லை. பின்னறையில் மேஜை நடுவிலேயே இருந்தது. கண்டக்டர் அதற்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"முரசுக்காரன் எங்க?" என்றார் தள்ளுபடி. "கதைல. எங்க இருக்கான் இப்ப?"

"தெரியலய்யா. கண்ணை மூடினா எப்பவும் பாலம் தெரியும், மூணு பேரும் நிப்பாங்க. இப்ப வணிகன் நிக்கிறான். குதிரைக்காரி நிக்கிறா. முரசு கீழ கிடக்கு, அடிக்கிறவனைக் காணோம்." கண்டக்டர் உதட்டை நனைத்துக்கொண்டார். "அவன் இடத்துல வேற ஒருத்தர் நிக்கிறார். நான் எழுதல. ஒடிசலா இருக்கார். சட்டைப் பைல ரயில்வே அட்டை குத்தியிருக்கு."

கண்டக்டர் தன் பாத்திரங்களுக்கு ஒருநாளும் மரியாதை கொடுத்ததில்லை.

வெளியே, இரண்டு தெருவுக்கு அப்பால், அறிவிப்பு தொடங்கியது. தள்ளுபடி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"அங்க நின்னுக்கிட்டு என்ன பண்றார்?"

"கேட்டுக்கிட்டே இருக்கார்" என்றார் கண்டக்டர்.

எந்தக் கேட்பது என்று தள்ளுபடி கேட்கவில்லை. பகடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.